சுரங்கமும் தண்ணீரும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சுரங்கங்களுக்குத் தண்ணீர்க் கணக்குப் பார்ப்பது என் வேலை. புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள், கணக்குப் பிரிவில் இருப்பவர்கள், சுரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் என எல்லோரும் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிப்பதை விட எழுதி வைப்பது நல்லது என்று இதைத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

சுரங்கம்னா தோண்டுறதுதானே, அதுக்கு எதுக்கு இவ்வளவு தண்ணீர்?

தோண்டுவதற்கு அதிகம் தேவையில்லைதான். துளை போடும்போது கொஞ்சம், லாரி ஓடும் பாதையில் புழுதி அடங்கக் கொஞ்சம், ஆட்கள் குடிக்கவும் குளிக்கவும் கொஞ்சம். பெரும்பங்கு ஆலைக்குத்தான் போகிறது. செம்பு, துத்தநாகம் போன்ற தாதுக்களில் உலோகம் கண்ணுக்கே தெரியாத துகளாகப் பாறைக்குள் சிதறிக் கிடக்கும். பாறையை மாவாக அரைத்து, தண்ணீரில் கலக்கி, காற்றுக்குமிழ் விட்டு மிதக்க வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அந்தக் கலவையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்.

இன்னொரு பக்கம், நாம் கேட்காமலேயே வந்து சேரும் தண்ணீர் இருக்கிறது. குழிக்குள் விழும் மழை, நிலத்தடியிலிருந்து ஊறி வருவது. இதை வெளியேற்றாமல் வேலை நடக்காது. ஆக, வேண்டிய தண்ணீர், வேண்டாத தண்ணீர் என்று இரண்டையும் ஒரே இடத்தில் சமாளிக்க வேண்டியிருக்கிறது. பல சுரங்கங்களில் இந்த இரண்டையும் இரண்டு வெவ்வேறு பிரிவுகள் பார்த்துக்கொள்கின்றன, ஒன்று செய்வது மற்றதற்குத் தெரியாது. அங்கேதான் பணம் ஒழுகத் தொடங்குகிறது.

ஒரு டன் செம்பு எடுக்க எவ்வளவு தண்ணீர் ஆகும்?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது, கணக்கைக் காட்டுகிறேன். தாதுவில் செம்பு 0.6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், அதில் ஆலை 88 சதவீதத்தைப் பிடிக்கிறது. அப்படியானால் ஒரு டன் செம்புக்கு சுமார் 190 டன் தாதுவை அரைக்க வேண்டும். ஒரு டன் தாதுவுக்குப் புதிதாக 0.6 கனமீட்டர் தண்ணீர் சேர்க்க வேண்டியிருந்தால் மொத்தம் 114 கனமீட்டர். தாதுவின் தரம் 0.4 சதவீதத்துக்கு இறங்கினால் அதே ஒரு டன் செம்புக்கு 170 கனமீட்டர் ஆகிவிடும். நல்ல தாது தீரத் தீரத் தண்ணீர்த் தேவை ஏறிக்கொண்டே போவது இதனால்தான். ஆலை எந்தத் தவறும் செய்யாமலேயே இது நடக்கும்.

தண்ணீர் கிட்டத்தட்ட சும்மாதானே கிடைக்குது, இதுல என்ன பெரிய பொருளாதாரம்?

தண்ணீருக்குக் கட்டும் கட்டணம் பல இடங்களில் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ரசீது தண்ணீரின் விலை இல்லை. ஒரு கனமீட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரம் தூக்க, இழப்பே இல்லாத பம்ப்பாக இருந்தாலும் 0.27 யூனிட் மின்சாரம் வேண்டும். நிஜ பம்ப்பில் 0.4 வரை போகும். 300 மீட்டர் ஆழத்திலிருந்து தினமும் 10,000 கனமீட்டர் வெளியேற்றுகிற சுரங்கம் அதற்கு மட்டும் தினமும் 12,000 யூனிட் செலவழிக்கிறது. அந்தத் தண்ணீரை மேலே ஒரு குளத்தில் விட, குளத்தின் அடி சரியாக அடைக்கப்படாமல் அது மறுபடி குழிக்குள்ளேயே ஊறி இறங்க, அதை மறுபடி தூக்கிக்கொண்டிருக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே தண்ணீருக்கு மூன்று முறை மின்கட்டணம்.

இது நேரடிச் செலவு. மறைமுகச் செலவு இதைவிடப் பெரிது. வெடிக்கான துளையில் தண்ணீர் நின்றால் மலிவான அம்மோனியம் நைட்ரேட் கலவையைப் போட முடியாது, கரைந்துவிடும். விலை கூடிய எமல்ஷன் வெடிமருந்துதான் போட வேண்டும். கரைந்த நைட்ரேட் தண்ணீரைக் கெடுப்பது தனிக் கதை. 200 டன் ஏற்றும் லாரியில் தாதுவோடு 5 சதவீதம் ஈரம் இருந்தால், ஒவ்வொரு நடையிலும் 10 டன் தண்ணீரை டீசல் எரித்து மேலே கொண்டு வருகிறீர்கள். பாறைச் சுவருக்குள் நீரழுத்தம் இருந்தால் சுவரைச் சரிவாக வெட்ட வேண்டும், செங்குத்தாக வெட்ட முடியாது. அந்தக் கூடுதல் சரிவுக்காக அள்ளும் வெறும் பாறை லட்சக்கணக்கான டன். இவை எதுவும் கணக்குப் புத்தகத்தில் தண்ணீர் என்ற தலைப்பில் வராது. வெடிமருந்து, டீசல், கழிவு அகற்றல் என்று வேறு வேறு தலைப்புகளில் போய் ஒளிந்துகொள்ளும்.

இந்தப் பக்கம் முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: அழுக்காகாமல் பார்த்துக்கொண்ட தண்ணீர்தான் இருப்பதிலேயே மலிவான தண்ணீர்.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

மீட்டரிலிருந்து. உள்ளே வருவது, வெளியே போவது, உள்ளே தங்கியிருப்பது, இந்த மூன்றும் தெரிய வேண்டும். வந்ததிலிருந்து போனதைக் கழித்தால் குளங்களின் மட்டம் எவ்வளவு ஏறியிருக்க வேண்டும் என்று கிடைக்கும். நிஜ மட்டம் அதோடு பொருந்தாவிட்டால் எங்கோ கசிகிறது அல்லது எங்கோ அளக்கவில்லை. இதைத்தான் நீர்ச்சமநிலைக் கணக்கு என்கிறோம். கணினியில் போடும் பெரிய மாதிரிக் கணக்கெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஒரு தாளில் மாதக் கணக்கு போடுங்கள்.

மழையைச் சேர்க்க மறக்காதீர்கள். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 10 கனமீட்டர். 100 ஹெக்டேர் பரப்பில் 100 மில்லிமீட்டர் கொட்டினால், அத்தனையும் ஓடி வந்தால், ஒரு லட்சம் கனமீட்டர். பம்ப் ஒரு நாளைக்கு 10,000 கனமீட்டர் இறைத்தாலும் பத்து நாள் வேலை நிற்கும்.

சுத்தமான மழைத்தண்ணீரையும் சுரங்கத் தண்ணீரையும் ஏன் பிரிக்கணும்? எல்லாத்தையும் ஒரே குளத்துல விட்டா வேலை சுலபம்தானே?

அன்றைக்குச் சுலபம், அப்புறம் ஆயுள் முழுக்கச் செலவு. தாது குவியல் மேலோ கழிவுப்பாறை மேலோ ஓடாத மழைத்தண்ணீர் சுத்தமானது. சுரங்க எல்லைக்கு மேலேயே ஒரு வாய்க்கால் வெட்டித் திருப்பி விட்டால் அது பாட்டுக்கு ஓடைக்குப் போய்விடும், கீழே இருப்பவர்களுக்கும் வழக்கம்போலத் தண்ணீர் கிடைக்கும். அதையே அழுக்குத் தண்ணீரோடு கலக்க விட்டால் மொத்தமும் அழுக்கு. தேக்க இடம் வேண்டும், சுத்திகரிக்கப் பணம் வேண்டும், வெளியே விட அனுமதி வேண்டும். மண் வாய்க்காலுக்கு ஆகும் செலவையும் சுத்திகரிப்பு ஆலையின் கூடுதல் கொள்ளளவுக்கு ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதற்கு மேல் வாதமே தேவைப்படாது.

எங்க ஆலை 90 சதவீதம் மறுசுழற்சி பண்றதா சொல்றாங்க. அப்போ நாங்க நல்லா பண்றோம்தானே?

அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரே தண்ணீர் ஆலைக்குள் பத்து முறை சுற்றினால் பத்து முறையும் கணக்கில் ஏறும். சுற்றுவேகத்தைக் கூட்டியே சதவீதத்தை உயர்த்திவிடலாம், ஆற்றிலிருந்து எடுப்பது ஒரு சொட்டும் குறைந்திருக்காது. அதனால் நான் கேட்பது வேறு: ஒரு டன் தாதுவுக்கு வெளியிலிருந்து புதிதாக எவ்வளவு எடுக்கிறீர்கள்? அது வருடா வருடம் இறங்குகிறதா? இறங்கினால் நன்றாகச் செய்கிறீர்கள்.

மறுசுழற்சிக்கும் ஓர் எல்லை உண்டு. சுற்றச் சுற்ற உப்பும், கால்சியமும், மிச்ச ரசாயனமும் சேர்ந்துகொண்டே போகும். குழாயில் ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) படியும், மிதப்பு முறையில் பிடிக்கும் உலோகத்தின் அளவு குறையும். ஒரு சதவீத உலோக இழப்பு, சேமித்த தண்ணீரின் மதிப்பைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். எனவே எந்த வேலைக்கு எந்தத் தரம் போதும் என்று பாருங்கள். புழுதி அடக்கவும் ஆலையில் அரைக்கவும் குடிநீர்த் தரம் எதற்கு?

தண்ணீர் உண்மையில எங்கேதான் தொலைஞ்சு போகுது?

பெரும்பாலும் கழிவுச்சேற்றில். உலோகத்தை எடுத்த பிறகு மிஞ்சும் அரைத்த பாறையும் தண்ணீரும் கலந்த சேறு அது, களத்தில் டெய்லிங்ஸ் என்பார்கள். 35 சதவீதம் திடப்பொருள் உள்ள சேறாக அனுப்பினால் ஒரு டன் பாறைத்தூளோடு 1.86 டன் தண்ணீர் போகிறது. திக்கனர் தொட்டியில் படியவைத்து 60 சதவீதமாக்கினால் 0.67 டன்தான். ஃபில்டர் போட்டுப் பிழிந்து 85 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 0.18 டன். சேற்றைத் தேக்கி வைக்கும் அணைக்குப் போன தண்ணீரில் ஒரு பகுதி மேலே தெளிந்து திரும்பி வரும் என்பது சரிதான், ஆனால் துகள்களுக்கு இடையே மாட்டிக்கொண்டதும், ஆவியானதும், அடியில் கசிந்ததும் திரும்பாது.

அப்போ எல்லாரும் ஃபில்டர் போட்டுடலாமே?

போடலாம், ஆனால் எல்லா இடத்திலும் கட்டுப்படியாகாது. ஃபில்டர் இயந்திரம் விலை கூடியது, மின்சாரம் தின்னும், களிமண் அதிகமுள்ள தாதுவில் அடைத்துக்கொள்ளும், பிழிந்த கழிவைக் குழாயில் அனுப்ப முடியாததால் கன்வேயரோ லாரியோ வேண்டும். நல்ல மழை உள்ள இடத்தில் குவியல் மறுபடி நனையும். தண்ணீர் அரிதான, நிலநடுக்கம் வரும், பெரிய அணை கட்ட இடமில்லாத இடங்களில் கணக்கு சரியாக வரும். மற்ற இடங்களில் நல்ல திக்கனரே பெரும்பகுதி பயனைத் தந்துவிடும், மேலே உள்ள எண்களைப் பாருங்கள், பெரிய தாவல் முதல் படியில்தான் நடக்கிறது.

ஆனால் ஒப்பிடும்போது அணையின் ஆபத்தையும் தட்டில் வையுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாடிஞ்ஞோவில் கழிவுச்சேற்று அணை உடைந்து சுமார் 270 பேர் இறந்தார்கள். கழிவுக்குள் நிறைந்திருந்த தண்ணீர்தான் அதைத் திரவமாக ஓட வைத்தது. 2020 ஆகஸ்டில் கழிவுச்சேறு மேலாண்மைக்கான உலகளாவிய தரநிலை வந்ததே அதன் பிறகுதான்.

குளத்துல ஆவியாகிறதைத் தடுக்க முடியுமா?

ஓரளவு முடியும். வறண்ட பகுதியில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் 100 ஹெக்டேர் குளம் தினமும் 6,000 கனமீட்டர் இழக்கிறது. மிதக்கும் மூடிகள் உண்டு, ஆனால் முதலில் குளத்தின் பரப்பைச் சுருக்குங்கள். பரந்த ஆழமற்ற குளத்துக்குப் பதில் சிறிய ஆழமான குளம், அவ்வளவுதான்.

கடல் தண்ணீரைச் சுத்திகரிச்சு எடுத்துக்கலாமே, கடல் தீரவா போகுது?

கடல் தீராது, பணம் தீரும். சிலியின் எஸ்கொண்டீடா செம்புச் சுரங்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் பாலைவனத்தில் இருக்கிறது. அங்கே வினாடிக்கு 2,500 லிட்டர் தரும் உப்புநீக்க ஆலைக்கும் குழாய்க்குமாக 340 கோடி டாலர் செலவிட்டார்கள். உப்பை நீக்க ஒரு கனமீட்டருக்கு 3 முதல் 4 யூனிட் போதும். அதை அந்த உயரத்துக்கு ஏற்ற, நான் முன்பு சொன்ன பம்ப் கணக்குப்படி, 11 யூனிட்டுக்கு மேல் ஆகும். அதாவது உப்பை எடுப்பதை விட மேலே ஏற்றுவது மூன்று மடங்கு.

ஆனாலும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அந்த மலைப்பகுதியின் நிலத்தடி நீர் மிக மெதுவாகத்தான் ஊறும், அங்கேயே வாழும் மக்களுக்கும் உயிர்களுக்கும் வேறு தண்ணீர் கிடையாது. இன்னொரு வழியும் இருக்கிறது: சிலியின் சென்டினேலா சுரங்கத்தைப் போல உப்பை நீக்காமலேயே கடல்நீரில் தாதுவைப் பிரிப்பது. துருப்பிடிக்காத குழாய்களுக்குச் செலவு கூடும், உப்புநீக்கச் செலவு மிச்சம். பெருவின் செரோ வெர்தே சுரங்கம் அரெகிப்பா நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆலையைக் கட்டி, அந்த நீரில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. நகரமும் ஆறும் பிழைக்கின்றன, சுரங்கத்துக்கும் நிரந்தர நீர் ஆதாரம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

சுரங்கம் வந்ததிலிருந்து எங்க கிணத்துல தண்ணீர் இறங்கிடுச்சு. சுரங்கம்தான் காரணம்னு எப்படி நிரூபிக்கிறது?

சுரங்கம் தண்ணீரை இறைக்கும்போது சுற்றிலும் நிலத்தடி நீர்மட்டம் கூம்பு வடிவில் இறங்கும். எவ்வளவு தூரம் என்பது பாறையைப் பொறுத்தது. விரிசல் ஓடும் திசையில் கிலோமீட்டர் கணக்கில் போகலாம், பக்கவாட்டில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். மழை குறைந்ததாலும், மற்றவர்கள் போர்வெல் போட்டதாலும் மட்டம் இறங்கும் என்பதால் பழியைப் பிரித்துச் சொல்லப் பழைய அளவீடு வேண்டும். சுரங்கம் தொடங்கும் முன்பே குறைந்தது இரண்டு வருடம், எல்லாப் பருவங்களிலும், கிணறுகளை அளந்திருக்க வேண்டும். அளக்காத நிறுவனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் வழியில்லாமல் நிற்கும், மக்களும் நியாயம் கிடைக்காமல் நிற்பார்கள்.

உங்களிடம் பழைய அளவு இல்லையென்றால் இன்றைக்கே ஆரம்பியுங்கள். கயிறும் எடையும் போதும், மாதம் ஒருமுறை ஒரே தேதியில் அளந்து, பக்கத்தில் அந்த மாத மழையையும் எழுதுங்கள். சுரங்கம் இறைக்கும் அளவை மாதாமாதம் வெளியிடச் சொல்லிக் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அமிலத் தண்ணீர்னு சொல்றாங்களே, அது எங்கிருந்து வருது?

பாறையில் பைரைட் என்ற இரும்பு சல்ஃபைடு இருக்கும். நிலத்துக்கு அடியில் காற்றுப் படாமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் அமைதியாகக் கிடந்தது அது. தோண்டி வெளியே போட்டதும் காற்றும் தண்ணீரும் பட்டுக் கந்தக அமிலமாகிறது, பாக்டீரியா அதை இன்னும் வேகப்படுத்துகிறது, அமிலம் பாறையிலிருந்து செம்பு, துத்தநாகம், ஆர்செனிக் என்று எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு வருகிறது. அமெரிக்காவின் பெர்க்லி குழி என்ற செம்புச் சுரங்கத்தில் 1982-ல் பம்ப்பை நிறுத்தினார்கள், குழி அமில நீரால் நிறைந்தது, 1995-ல் அதில் இறங்கிய 342 பனி வாத்துகள் செத்து மிதந்தன.

சுண்ணாம்பு போட்டா சரியாகிடும்தானே?

அமிலம் அடங்கும், உலோகங்கள் பெரும்பாலும் படியும். ஆனால் சல்ஃபேட் போகாது. ஜிப்சம் கரையும் அளவு வரைக்கும், அதாவது லிட்டருக்கு 1,500 முதல் 2,000 மில்லிகிராம் வரை, தண்ணீரிலேயே நிற்கும். அதையும் எடுக்க ஆர்.ஓ. போன்ற முறைகள் வேண்டும், அதில் வெளிவரும் உப்புக்கழிவை எங்கே வைப்பது என்பது அடுத்த தலைவலி. கூடவே சுண்ணாம்புச் சேறு மலையாகக் குவியும்.

அளவைப் பாருங்கள்: பாறையில் ஒரு சதவீதம் கந்தகம் இருந்தாலே ஒரு டன் பாறைக்கு சுமார் 31 கிலோ சுண்ணாம்புக்கல் தேவை. கழிவுப்பாறை பத்து கோடி டன் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் எந்தப் பாறை அமிலம் தரும் என்று வெட்டும் முன்பே சோதித்து, அதைத் தனியாக வைத்து, சுண்ணாம்புத்தன்மை உள்ள பாறையால் சூழ்ந்து, காற்றும் மழையும் புகாமல் மூட வேண்டும்.

அமிலம் தர்ற கழிவைத் தண்ணீருக்கு அடியில வச்சா காற்றுப் படாதே, அமிலம் வராதே. நீங்க அணையில தண்ணீர் இருக்கிறதுதான் ஆபத்துன்னு சொல்றீங்களே?

நல்ல கேள்வி, இந்தத் துறையில் இன்னும் முடியாத சண்டை இது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதை விடத் தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும், எனவே வேதியியல்படி தண்ணீர் மூடிதான் சிறந்தது. கட்டுமானப் பாதுகாப்புப்படி அதுவே மோசமானது. கனடாவின் மவுண்ட் பாலி அணை 2014 ஆகஸ்ட் 4 அன்று உடைந்தபோது சேறோடு பெரிய அளவில் தேங்கிய தண்ணீரும் சேர்ந்து பாய்ந்தது. அதை ஆராய்ந்த நிபுணர் குழு கழிவின் மேல் தண்ணீரே தேக்காத முறைகளுக்கு மாறச் சொன்னது.

என் கருத்து: மனிதன் கட்டிய கரைக்குப் பின்னால் தண்ணீரை என்றென்றைக்கும் தேக்கி வைக்க வேண்டாம். வேலை முடிந்த குழியின் அடியிலோ, நிலத்தடிச் சுரங்கத்தின் காலியிடங்களிலோ, இயற்கையாக நீர்மட்டத்துக்குக் கீழே வைக்க முடிந்தால் அங்கே வையுங்கள். அங்கே உடைய கரை இல்லை.

சுரங்கத் தண்ணீரைச் சுத்தம் பண்ணி ஊருக்குக் குடிக்கக் கொடுக்க முடியுமா?

முடியும், நடக்கிறது. தென்னாப்பிரிக்காவின் எமலாஹ்லேனியில் 2007 முதல் நிலக்கரிச் சுரங்கங்களில் தேங்கிய நீரைக் குடிநீர்த் தரத்துக்குச் சுத்திகரித்து நகராட்சிக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் ஒன்றை முதலிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும்: சுரங்கம் மூடிய பிறகு அந்த ஆலையை யார் நடத்துவார்கள்? நகரம் அந்தத் தண்ணீரை நம்பிப் பழகிய பிறகு நிறுத்தினால் அது உதவியே இல்லை.

நூறு வருஷத்துக்கு ஒருமுறை வர்ற மழைக்கு எதுக்கு இப்போ செலவு பண்ணணும்?

அந்தப் பெயர் ஏமாற்றும். ஒவ்வொரு வருடமும் அப்படிப்பட்ட மழைக்கு ஒரு சதவீத வாய்ப்பு என்பதுதான் பொருள். 20 வருடம் ஓடும் சுரங்கத்தில் ஒருமுறையாவது வர 18 சதவீத வாய்ப்பு. 2000 ஜனவரி 30 அன்று ருமேனியாவின் பையா மாரேயில் மழையும் உருகிய பனியும் சேர்ந்து தங்க ஆலையின் குளம் உடைந்தது. சயனைடு கலந்த சுமார் ஒரு லட்சம் கனமீட்டர் தண்ணீர் திசா ஆறு வழியாக டான்யூப் வரை போய் வழியெல்லாம் மீன்களைக் கொன்றது. அளவைக் கவனித்தீர்களா? முன்பு போட்ட 100 ஹெக்டேர் மழைக் கணக்கின் அதே ஒரு லட்சம்.

சுரங்கம் மூடின அப்புறம் தண்ணீர்ச் செலவு நின்னுடும்தானே?

பல இடங்களில் நிற்காது. ஜெர்மனியின் ரூர் பகுதியில் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. அடியில் தோண்டியதால் நிலமே தாழ்ந்துவிட்டதால், பம்ப்பை நிறுத்தினால் மக்கள் வாழும் இடங்கள் மூழ்கும். அதற்காகவே ஓர் அறக்கட்டளை வைத்து முடிவில்லாமல் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

திட்ட அறிக்கைகளில் இது ஏன் சின்னதாகத் தெரிகிறது என்றால், தள்ளுபடி விகிதம், அதாவது வருங்காலச் செலவை வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று குறைத்து இன்றைய மதிப்பாகக் காட்டும் விகிதம். 30 வருடம் கழித்து ஆரம்பித்து முடிவில்லாமல் போகும் வருடச் செலவை 8 சதவீத விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், அது ஒன்றேகால் வருடச் செலவுக்குச் சமமாகச் சுருங்கிவிடும். 2 சதவீதம் போட்டால் அதுவே 27 வருடச் செலவுக்கு மேல். கணக்கு இரண்டும் சரி, ஆனால் முதல் கணக்கு பிறக்காத பிள்ளைகளின் தலையில் கடனைக் கட்டுகிறது. மூடலுக்கான பணத்தை ஆரம்பத்திலேயே தனியாக ஒதுக்காத எந்தத் திட்டத்தையும் லாபம் என்று ஒப்புக்கொள்ள என் மனது இடம் தரவில்லை.

எங்க மேலாளர் இதுக்கெல்லாம் பணம் ஒதுக்க மாட்டார். நான் என்ன பண்றது?

பெரிய திட்டத்தோடு போகாதீர்கள். அதிகம் மின்சாரம் தின்னும் பம்ப் ஒன்றில் மட்டும் மீட்டர் மாட்டி, ஒரு மாதம் அளவும் மின்கட்டணமும் எழுதுங்கள். அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று குழாய் வழியே நீங்களே நடந்து பாருங்கள். அதே மாதத்தில் ஈரத் துளைகளுக்காக எவ்வளவு எமல்ஷன் வாங்கினார்கள் என்று கிடங்கில் கேட்டு வாங்குங்கள். எனக்குத் தெரிந்து முதல் வாய்க்காலுக்கு ஒப்புதல் கிடைத்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒற்றைத் தாள் கணக்கால்தான்.